தர்ம குருவின் தோளில் நட்சத்திரம்

பெரம்பூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, தரைப்படையில் சமய போதகராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் குடியிருந்தார். படையில் இவர்களைத் ‘தர்ம குரு’ என்று அழைப்பார்கள். பண்டிதரோ, மௌல்வியோ, சீக்கிய வேதம் ஓதும் கிரந்தியோ, பாதிரியாரோ, பௌத்த பிக்குவோ, யாராயினும் சேரும்போதே நாயப் சுபேதார் என்ற இளநிலை அதிகாரிப் பதவி கிடைக்கும். நம் பகுதிக்கு இத்தகையவர்கள் புதியவர்கள் அல்லர். சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680-லேயே அர்ச்சிக்கப்பட்டது.

போர்முனையில் எந்த உடை அணிவீர்கள் என்று ஒரு மாலை அவரிடம் கேட்டேன். பூஜைக்கு வேட்டி, அங்கவஸ்திரம். ஆனால் எதிரியின் கண்ணுக்கு எட்டும் இடத்தில் வெள்ளை வேட்டி பக்கத்தில் நிற்பவனின் உயிருக்கும் உலை வைக்கும் என்பதால், அங்கே மற்றவர்களைப் போலவே பச்சை உடைதான் என்றார். அப்படியானால் போதகரை எதிரி எப்படி அடையாளம் காண்பான்? அவர் தம் இடக்கையின் மேற்பகுதியைத் தொட்டுக் காட்டினார். 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி, மருத்துவப் பணியாளரைப் போலவே போதகரும் செஞ்சிலுவை முதலிய பாதுகாப்புச் சின்னம் பொறித்த, நனைந்தாலும் கெடாத பட்டையை இடக்கையில் அணிய வேண்டும். அதில் படை அதிகாரிகளின் முத்திரை இருக்க வேண்டும். பிடிபட்டாலும் அவர் போர்க்கைதி ஆகமாட்டார். கைதிகளுக்குச் சமயப் பணி செய்யத் தேவைப்படும் வரையில்தான் அவரை வைத்திருக்கலாம். பட்டையையும் அடையாள அட்டையையும் பறிக்க யாருக்கும் உரிமை கிடையாது. காவி, அங்கி இவற்றையெல்லாம் விட அந்த முத்திரைக்குத்தான் மதிப்பு என்பது எனக்குச் சற்று வியப்பாகவே இருந்தது.

அவருக்கோ தோளிலிருந்த நட்சத்திரம்தான் உறுத்தலாக இருந்திருக்கிறது. அதைக் கண்டதும் சிப்பாய் விறைப்பாக நிற்பானே தவிர வாய் திறக்கமாட்டான் என்றும், கோயில் திண்ணையில் வேட்டியோடு உட்கார்ந்தால்தான் ஊர்க் கடன், தங்கை கல்யாணம், தூக்கமில்லாத இரவுகள் எல்லாம் வெளியே வரும் என்றும் சொன்னார். பிரிட்டிஷ் கடற்படையில் போதகர்களுக்குப் பதவிநிலையே இல்லை, யாரோடு பேசுகிறார்களோ அவருடைய நிலையில் இருப்பதாகக் கொள்வது அங்கே மரபு என்று நான் சொன்னதும், பெரியவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “நல்ல ஏற்பாடுதான் தம்பி. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஓய்வூதியத்தை எப்படிக் கணக்குப் போடுவார்கள்?” என்று கேட்டார்.