தூண் ஓரம் பூச்சு விரிசல்: பட்டி போதுமா?

கேள்வி: உள்சுவர் பூசி ஒரு மாசம் ஆகுது. செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் சேர்ற இடத்துல மேலிருந்து கீழ வரை நேர்கோடா விரிசல். பட்டி (பெயிண்டுக்கு முன்னாடி சுவரை வழவழப்பாக்கப் பூசுற மாவு) வச்சு மூடிடலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி, திரும்ப அதே கோட்டுல வெடிக்கும். கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரே அளவு விரிஞ்சு சுருங்காது. இணைப்புக்கு ரெண்டு பக்கமும் 6 அங்குலம் பூச்சை உடைச்சு எடுங்க. தூணைக் கட்டாயம் கொத்திவிடணும். வழவழன்னு விட்டா கலவை பிடிக்காது, தட்டினா டொக்குன்னு கேக்கும். 1 அடி அகல ஜிஐ சிக்கன் மெஷ்ஷை (துத்தநாகம் பூசின கோழிவலைக் கம்பி) இணைப்பு மேல விறைப்பா இழுத்து ஆணி அடிங்க. தொங்கினா அதுக்குப் பின்னால கலவை நிரம்பாம பொந்து விழும். நல்லா நனைச்சு சிமெண்ட் பால் (தண்ணியில கரைச்ச சிமெண்ட்) அடிச்சு, அது காயறதுக்குள்ள 1:4 கலவையை (1 பங்கு சிமெண்ட், 4 பங்கு மணல்) 12 மி.மீ. கனத்துக்குப் பூசுங்க.

பதில்: உடைக்கிறதுக்கு முன்னாடி ஓரத்தை கட்டிங் மெஷின்ல நேரா வெட்டிக்கோங்க. பி-சாண்ட்ல (பூச்சுக்கான செயற்கை மணல்) தூசி அதிகமிருந்தா மயிரிழை விரிசல் வரும். ஈரம் இழுக்க மேல காய்ஞ்ச சிமெண்ட் தூவினாலும் அதே கதிதான், கொத்தனாரை விடாதீங்க. பூசின இடத்துக்கு 7 நாள் தண்ணி காட்டுங்க.

கேள்வி: பீமுக்கு அடியிலயும் லேசா கோடு தெரியுது.

பதில்: சுவர் கட்டினப்போ பீமை ஒட்டின கடைசி வரிக் கல்லை அன்னைக்கே வச்சு இறுக்கியிருப்பாங்க. அதுக்கு முன்னாடி, கட்டின சுவர் கொஞ்சம் இறங்க சில நாள் விடணும். இப்போ அங்கயும் மெஷ்தான்.