ஏழேகால் மணிக் குரல்

கும்பகோணத்தில் படித்த நாளில் எங்கள் தெருவுக்கே கடிகாரம் அந்தக் குரல்தான். காலை ஏழேகாலுக்கு டீக்கடை ரேடியோவில் ‘செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி’ என்று கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம்.

1986-ல் வேலை கிடைத்து டெல்லி கரோல்பாகுக்கு வந்தேன். மாடி போர்ஷனில் இருந்த அக்கா, அந்தக் குரல் வரும் பார்லிமென்ட் தெரு வானொலி நிலையத்தில் தமிழ்ச் செய்தி வாசிக்க கேஷுவலாக, அதாவது கூப்பிடும் நாட்களில் மட்டும், போய்க்கொண்டிருந்தார். அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

விடிகாலை டியூட்டி என்றால் இருட்டிலேயே கிளம்பிவிடுவார். ஜனவரிக் குளிரில் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, கையில் வெந்நீர் ஃபிளாஸ்க்.

“பத்து நிமிஷம் வாசிக்க இவ்வளவு சீக்கிரமாக்கா?”

“வாசிக்கத்தான் தம்பி பத்து நிமிஷம். தமிழாக்குறது யாரு?”

செய்தி ஆங்கிலத்தில்தான் வரும். அதை மளமளவென்று தமிழில் எழுதுவதும் வாசிப்பவர் வேலை. இது எனக்கு அதுவரை தெரியாது.

ஒருநாள் தான் எழுதிய தாள்களைக் காட்டினார். கொட்டை எழுத்து, ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரிகள். இலக்கமே கிடையாது. 3,75,000 என்றால் ‘மூன்று லட்சத்து எழுபத்தைந்தாயிரம்’ என்று முழுசாக எழுதியிருந்தார். மைக் முன்னால் சைபரை எண்ணிக்கொண்டிருக்க முடியாதே. தாள்களைப் பின் அடிக்கவும் கூடாது. படித்ததைத் தூக்காமல் பக்கத்தில் நகர்த்த வேண்டும், தூக்கினால் சரசரப்பு நேயர் காதில் விழும். சாப்பாட்டு மேஜையில் கரண்ட் பில்களை அடுக்கி வைத்துச் செய்து காட்டினார். ஒரு சத்தம் இல்லை! நான் செய்தேன், நாலு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அக்காவுக்குச் சரோஜ் நாராயணசுவாமியின் வாசிப்புதான் பாடம். மும்பையில் பிறந்தவர், டெல்லி வானொலியில் ஏறக்குறைய 35 வருஷம் தமிழ்ச் செய்தி வாசித்தவர். தமிழகம் கலைமாமணி விருது கொடுத்தபோது, எனக்கு என்னவோ எங்கள் வீட்டுப் பெரியவருக்குக் கிடைத்தது போல இருந்தது.

2022 ஆகஸ்டில் அவர் மும்பையில் காலமான செய்தி வந்ததும் அக்காவுக்குத்தான் போன் போட்டேன். படபடப்பில் செய்தியைக் கடகடவென்று படித்துவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார்:

“மறுபடி வாசி தம்பி. நிதானமா. அவங்க பேரை விழுங்காதே.”