மறு: மறு: ‘இன்டெக்ரேட்டட் கேர் சிஸ்டம்’ தமிழில் எப்படி? வெள்ளிக்குள் வேண்டும்

ந. எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். இங்கிலாந்துவாழ் தமிழர்களுக்கான துண்டுப்பிரசுரம் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. இடறுவது அதன் தலைப்பில் உள்ள ‘இன்டெக்ரேட்டட் கேர் சிஸ்டம்’ என்ற சொல். 2022 ஜூலையில் சட்டப்படி நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. நாட்டை 42 வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனைகளும் குடும்ப மருத்துவர்களும் உள்ளாட்சி மன்றங்களும் ஒன்றாக உட்கார்ந்து திட்டமிட வேண்டும் என்றார்கள். ‘ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு’ என்று போட்டிருக்கிறேன். படித்தால் முதியோர் இல்லம் நடத்தும் சங்கம் போல ஒலிக்கிறது. உதவுங்கள்.

வே.:
முதலில் ‘இணைந்த’ அல்ல, ‘இணைத்த’. இணைந்தவை தாமாகச் சேர்ந்தவை. இவை தாமாகவா சேர்ந்தன? 2016இல் 44 பகுதிகளிடம் கூட்டுத் திட்டம் கேட்டார்கள். கூடிப் பேசினார்கள், திட்டமும் எழுதினார்கள். அந்தக் கூட்டுக்குச் சட்ட அதிகாரம் எதுவும் இல்லை. சட்டம் வந்துதான் இணைத்தது. ஆகவே பிறவினை. தவிர, ‘ஒருங்கு’ என்றாலே ஒருசேர என்றுதான் பொருள், அதன்மேல் இணைப்பு எதற்கு? ‘ஒருங்குநலம்’ போதும். சுகாதாரம், பராமரிப்பு இரண்டும் வடசொல். தமிழ்நாட்டு அரசே ‘மக்கள் நல்வாழ்வுத் துறை’ என்கிறது.

சு.:
வே. அண்ணை, லண்டனில இதை வாசிக்கப்போறதில கனபேர் எங்கட சனம். வைத்தியசாலை, சுகாதாரம் எண்டு சொல்லி வளர்ந்தவை. ‘ஒருங்குநலம்’ எண்டா மூலிகைக்கடை எண்டு நினைப்பினம்.

வடசொல்லில்லைப் பிரச்சினை. அந்த நாட்டில ‘ஹெல்த்’ வேற, ‘கேர்’ வேற. வைத்தியம் என்எச்எஸ் பொறுப்பு, 1948இல இருந்து டொக்டரைப் பாக்கக் காசில்லை. வயசானவையைக் குளிக்கவாக்க, உடுப்பு மாத்த, சாப்பாடு குடுக்க வீட்டுக்கு ஆள் வாறது ‘சோஷியல் கேர்’. அது உள்ளாட்சி மன்றத்தின்ர பொறுப்பு, கையில இருக்கிறதைக் கணக்குப் பாத்துத்தான் தருவினம். சேமிப்பும் சொத்தும் 23,250 பவுணுக்கு மேல எண்டா பொதுவா முழுச் செலவும் தங்கட தலையில. ரெண்டு பணப்பெட்டி, ரெண்டு முதலாளி. வைத்தியம் முடிஞ்ச கிழவி, வீட்டில பாக்க ஆள் ஒழுங்காகேல்லை எண்டு வைத்தியசாலைக் கட்டிலிலேயே கிடப்பா. இதைத் தீர்க்கத்தான் இவ்வளவு பாடும். எல்லாத்தையும் ‘பராமரிப்பு’ எண்ட ஒரு சொல்லுக்குள்ள போட்டா, ரெண்டும் இலவசம் எண்டுதான் எங்கட ஆக்கள் விளங்கிக்கொள்ளுவினம்.

கோ.:
இந்தச் சண்டைக்கு 950ஆம் குறளிலேயே விடை இருக்கிறது. நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் ஆகிய நாற்கூறும் சேர்ந்தால்தான் மருத்துவம். நீங்கள் தேடுவது அதுதானே? உழை என்றால் பக்கம். அருகிருந்து ஏவல் செய்வோருக்கு ‘உழையர்’ என்று பழஞ்சொல்லே உண்டு. ‘கேரர்’ என்பதற்கு உழையர், ‘கேர்’ என்பதற்கு உழைமை. இன்னொன்று: உழை மானுக்கும் பெயர், ஏழிசையில் ஒன்றுக்கும் பெயர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். எண்ணிப் பாருங்கள், அது நான்காவது. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. பக்கத்தில் இருப்பவன் நடுவிலும் இருக்கிறான்!

வே.:
கோ. ஐயா, மான் எங்கே வந்தது? ‘உழையர்’ என்று அச்சிட்டால் உழைப்பாளர் என்றுதான் படிப்பார்கள்.

சு.:
சம்பளமில்லாமல் தாயைப் பாக்கிற மகளுக்கு அதுவும் பொருத்தம்தான், அண்ணை.

மா.:
இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘அமைப்பு’ பற்றி யாருமே பேசவில்லை. தமிழில் அமைப்பு என்றால் அலுவலகமும் தலைவரும் உள்ள ஒன்று. அங்கே அப்படி இருப்பது வாரியம். வட்டாரத்தின் என்எச்எஸ் பணம் அதன் கையில். ‘சிஸ்டம்’ என்பது அந்த வாரியத்தையும் மன்றங்களையும் மற்றவர்களையும் சேர்த்துச் சொல்லும் கூட்டு ஏற்பாடு. அதற்கு ‘முறைமை’ என்று போடுங்கள். அதே பிரசுரத்தில் ‘கமிஷனிங்’ என்று வந்தால் தமிழ் எழுத்தில் அப்படியே விட்டுவிடாதீர்கள். யார் எத்தனை சதவீதம் வாங்கினார்கள் என்று கேட்பார்கள்.

ந.:
எல்லாருக்கும் நன்றி. கமிஷனிங் நான்கு இடங்களில் இருந்தது! ‘சேவைகளைத் திட்டமிட்டுப் பெறுதல்’ என்று மாற்றிவிட்டேன். தலைப்பு ‘ஒருங்கிணைந்த சுகாதார, பராமரிப்பு முறைமை’. நீளம்தான். பக்கத்தில் ‘ஐசிஎஸ்’ என்றும் எழுதுகிறேன்; அவர்களுக்கு வரும் கடிதங்களில் அந்த மூன்றெழுத்துத்தான் இருக்கும். சு. அக்கா சொன்ன கட்டண விஷயம் மூலத்தில் இல்லை. கேட்டுப் பார்த்தேன், ஒரு வரி சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். உழையர் மிக அழகு, கோ. ஐயா, இந்தப் பிரசுரத்தில் துணிச்சல் வரவில்லை.

கோ.:
பரவாயில்லை. உழை பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

வே.:
‘ஒருங்கிணைந்த’ என்றேதான் போகிறதா? ஒரே ஒரு ஒற்றெழுத்து ஐயா. அச்சகத்துக்கு இன்னும் அனுப்பவில்லையே?