மலிவு சவரக்கத்தி: நடுவில் மட்டும் கல் படவில்லை

கேள்வி:
600 ரூபாய்க்கு ஒரு மடக்கு சவரக்கத்தி வாங்கினேன். 1000 கிரிட் (கல்லின் நைஸைச் சொல்லும் எண்) கல்லில் ஒரு மணி நேரம் தீட்டியும் கை முடியைக்கூட எடுக்கவில்லை. கூரில் கறுப்பு மார்க்கர் பூசி இரண்டு இழுப்பு இழுத்தேன். இரு ஓரத்திலும் மை போய்விட்டது, நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு அப்படியே இருக்கிறது. கத்தி தேறுமா?

பதில் 1:
முதலில் கல்லைப் பாருங்கள். அதன்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடி மேல் ஈர உப்புத்தாளை விரித்து அதில் கல்லைத் தேயுங்கள். கோடுகள் எல்லா இடத்திலும் அழிந்தால்தான் கல் மட்டம்.

பதில் 2:
கல் மட்டம் என்றால், கூர்தான் நடுவில் உள்வாங்கியிருக்கிறது. என்னுடைய முதல் கத்தியும் இப்படித்தான். ஓரங்கள் தேய்ந்து நடுவோடு சேரும்வரை 1000-ஐ விட்டு நகராதீர்கள். முதுகும் (கூருக்கு எதிர்ப்பக்கத் தடித்த விளிம்பு) கூரும் சேர்ந்தே கல்லில் படியட்டும். முதுகில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினால் அது தேயாது. மலிவுக் கத்திகளில் பிடியை ஒட்டிய தடித்த பகுதி கல்லில் ஏறிக் கூரைத் தூக்கிவிடும், அதைக் கல்லுக்கு வெளியே வைத்துச் சாய்வாக இழுங்கள். அழுத்தவே வேண்டாம். அழுத்தினால் மெல்லிய கூர் வளைந்து, மை அழிந்ததுபோல் ஏமாற்றும்.

கேட்டவர்:
மூன்று நாள் மாலையில் தீட்டினேன். இன்று நடுவிலும் மை போய்விட்டது!

பதில் 2:
அருமை. அப்புறம் புது டேப் ஒட்டி 4000, 8000 கிரிட் கற்களில் தீட்டுங்கள். கடைசியில் தோல் வாரில் முதுகு முன்னே போகும்படி 50 தடவை. முதல் சவரம் கன்னத்தில் மட்டும், தாடையை இன்னொரு நாள் பார்க்கலாம்.