றப்பர் பிளேன் விட்ட ஆக்கள் இருக்கிறியளோ? அனுபவத்தை எழுதுங்கோ

கைதடியில இருந்து எழுதுறன். றப்பரை முறுக்கிப் பறக்கவிடுற சின்னப் பிளேனைப் பற்றின கதை இது. றிமோட் இல்லை, பற்றரி இல்லை, கையை விட்ட பிறகு அது தன்ர பாட்டில போகும். எங்கட பக்கத்தில இதைச் செய்து பார்த்த ஆக்கள் எத்தினை பேர் எண்டு அறிய விருப்பம். முதல்ல என்ர கதை.

பட்டம் கட்டத் தெரிஞ்ச ஊருக்கு இதில முக்கால்வாசி வேலை தெரியும். மூங்கிலைச் சீவி இரண்டு பக்கமும் ஒரே பாரத்துக்குக் கொண்டுவாறதும், பட்டத்தாளைச் சுருக்கம் விழாமல் ஒட்டுறதும் இஞ்ச சின்னப் பொடியளுக்கே கைவந்த வேலை. மொடல் பிளேனுக்குப் பாவிக்கிற பாரமில்லாத பல்சா மரம் கிடைக்காது எண்டு கனபேர் தொடங்காமலே விடுகினம். அது வேண்டியதில்லை. உடம்புக்கு மெல்லிய மூங்கில் குச்சி, இறக்கைக்கும் வாலுக்கும் மெல்லிய ரிஜிபோம் (வெள்ளை நுரை) தட்டு போதும். மூக்கில சுத்துற காத்தாடிக்கு யோகட் கப். கப்பின்ர பக்கச் சுவரில, நிமிர்ந்த கோட்டுக்கு 15 பாகை சரிச்சு இரண்டு தகடு வெட்டினால் காத்தாடி இலைக்கு வேண்டிய திருக்கம் அதிலயே வந்திடும். அச்சுக்குப் பேப்பர் கிளிப் கம்பி. காத்தாடிக்கும் அச்சைத் தாங்குற தகட்டுக்கும் இடையில ஒரு கண்ணாடி மணி கோர்க்கவேணும். மணி இல்லாட்டி உராய்வு றப்பரின்ர பலத்தைத் தின்னும்.

பறக்கவைக்கிறதுதான் உண்மையான வேலை. பட்டத்துக்கு முச்சையை, அதுதான் பட்டத்தை இழுத்துப் பிடிக்கிற நூல் கட்டை, மாத்தி மாத்திக் கட்டுறமாதிரி இதுக்கும் பொறுமை வேணும். றப்பரை முறுக்காமல், தோள் உயரத்தில இருந்து மெதுவாய் முன்னுக்குத் தள்ளிவிடுங்கோ. மூக்கை உயர்த்தி, நிண்டு, பிறகு குத்தினால் மூக்கில கொஞ்சம் களிமண் ஒட்டுங்கோ. நேரே கீழ குத்தினால் இறக்கையை ஒரு நூல் அளவு முன்னுக்குத் தள்ளுங்கோ. வழுக்கிக்கொண்டு போய்ப் புல்லில இருக்கிற அளவுக்கு வந்த பிறகுதான் றப்பரில கைவைக்கவேணும், அதுவும் கொஞ்ச முறுக்கோட. காத்தாடி சுத்துற வேகத்தில பிளேன் இடப்பக்கம் சரியப் பார்க்கும், மூக்கையும் தூக்கும். அதுக்குக் காத்தாடியின்ர அச்சை மட்டும் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் கொஞ்சம் சரிக்கவேணும். இறக்கையில கைவைச்சால் வழுக்கல் கெட்டுப்போகும்.

1871 இல பாரிஸில அல்போன்ஸ் பெனோ எண்டவர் விட்ட றப்பர் மொடல் 11 செக்கன் பறந்து 40 மீற்றர் அளவில போனது. இறக்கை நுனியை மேல வளைச்சு, வாலை இறக்கையை விடக் குறைஞ்ச கோணத்தில வைச்சுத்தான் அவர் அதைத் தளம்பாமல் நிறுத்தினவர். எங்கட ரிஜிபோம் பிளேனும் அந்தக் கணக்கிலதான் நிக்குது. நினைக்கவே எனக்குப் பெருமையாய் இருக்கும்.

பங்குனியில, அரிவு வெட்டு முடிஞ்ச வயலுக்குள்ள, வெயில் ஏற முன்னம் ஒருநாள் விட்டுக்கொண்டு நிண்டன். மாட்டுக்குக் கயிறு மாத்த வந்த ஐயா ஒருவர் நிண்டு பார்த்திட்டு, "தம்பி, அந்த வரம்புக்கு அங்கால விடு, அதில பருந்து சுத்துது" எண்டார். விட்டன். றப்பர் முறுக்கு முடிஞ்சு காத்தாடி நிண்டபிறகும் பிளேன் இறங்கேல்லை. வட்டம் போட்டுப் போட்டு மேல ஏறினது. வெட்டின வயல் சூடாகி, அந்தக் காத்து எழும்புற இடத்தைப் பருந்து எங்களுக்கு முதலே கண்டுபிடிச்சிருக்கு. நாவற்குழிப் பக்கம் ஒரு புள்ளியாய்ப் போகுமட்டும் ஐயா கையை நெத்தியில வைச்சுப் பார்த்துக்கொண்டே நிண்டார். பிளேன் கிடைக்கேல்லை. ஆனால் அப்பிடி ஒரு பறப்பை அதுக்குப் பிறகு நான் காணேல்லை.

*

வல்வெட்டித்துறையில இருந்து:

தைப்பொங்கலுக்குப் பட்டம் விடுற ஆக்கள் நாங்கள். வாடைக்காத்துக்குக் கட்டிப் பழகினபடியால் இதுக்கும் காத்து வேணும் எண்டுதான் மருமகன் கடற்கரைக்குக் கொண்டுபோனவன். ஒண்டும் சரிவரேல்லை. காத்து அசையாத காலைதான் இதுக்கு வேணும். வாடை அடங்கி, சோளகம் எண்ட தென்மேல் காத்து எழும்ப முன்னம் இருக்கிற அந்தக் கொஞ்சக் காலம்தான் எங்களுக்குச் சரியான பருவம். அதிலயும் கடல்காத்து தொடங்க முன்னம் முடிக்கவேணும்.

தாள் இறக்கை செய்யிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லவேணும். ஒட்டிக் காய்ஞ்ச பிறகு தண்ணியைப் பூந்தூறலாய்த் தெளிச்சால் தாள் இறுகி மேளத்தோல் மாதிரி நிக்கும். ஆனால் காயுமட்டும் இறக்கையைத் தட்டையான பலகையில ஊசி குத்தி வைக்கவேணும். இல்லாட்டி ஒரு பக்கம் முறுகிப்போகும். பிறகு எந்தக் களிமண்ணும் காப்பாத்தாது.

*

சாவகச்சேரியில இருந்து ஒரு ஆசிரியை:

விஞ்ஞானப் பாடத்துக்கு, ஆறாம் ஆண்டுப் பிள்ளையளோட செய்தனான். சக்தி மாற்றத்தைக் கரும்பலகையில எழுதிக் காட்டுறதை விட, றப்பர் முடிச்சு முடிச்சாய் ஏறுறதைத் தங்கட விரலால உணர்ந்த பிள்ளைக்கு நான் விளங்கப்படுத்த ஒண்டும் மிச்சமில்லை. கெற்றப்போலுக்கு வெட்டுற சைக்கிள் ரியூப்பைக் கொண்டுவந்த பிள்ளையளும் இருந்தவை. அது பாரம், பலமும் போதாது. மெல்லிய றப்பர் பட்டியை வளையமாய் முடிஞ்சால்தான் சரி.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால பார்த்துக்கொண்டு நிண்டவ. அவவின்ர காலத்தில பிளேன் எண்டால் பொம்மர்தான், சத்தம் கேட்டவுடன பங்கருக்கு ஓட்டம். ஒரு பிளேன் அவவின்ர முத்தத்தில போய் விழுந்தது. எடுத்துக்கொண்டு வந்து, "உது சத்தமே போடேல்லையே மோனை" எண்டு சொல்லி, பிறகு தானும் ஒண்டு முறுக்கி விட்டவ. பிள்ளையள் கைதட்டினதை நான் மறக்கமாட்டன்.

*

திரும்பக் கைதடி:

ரீச்சர், நல்ல காரியம் செய்திருக்கிறியள். றப்பரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுறன். முறுக்க முன்னம் ஆமணக்கெண்ணெய் ஒரு துளி விட்டு முழுக்கத் தடவுங்கோ. மண்ணெண்ணெயும் மெசின் எண்ணெயும் றப்பரை அழுகப்பண்ணும். ஒருவர் பிளேனைப் பிடிக்க, மற்றவர் றப்பரை அதின்ர நீளத்தில நாலு மடங்குக்கு இழுத்து, தச்சர் பாவிக்கிற கைத்துறப்பணத்தில கொழுவி முறுக்கவேணும். பாதி முறுக்கு ஏறின பிறகு சுத்திக்கொண்டே மெல்ல மெல்லக் கிட்ட வாங்கோ. விரலால காத்தாடியைச் சுத்துறதை விடக் கனக்க முறுக்கு ஏறும். வெயிலில றப்பரை விடாதேங்கோ, போத்தலில போட்டு இருட்டில வையுங்கோ.

உலகப் போட்டியில விடுற பெரிய வகைக்கே றப்பர் 30 கிராமுக்கு மேல போகக்கூடாது, மிச்சப் பாரம் 200 கிராமுக்குக் குறையக்கூடாது. அவையும் பிளேன் துலைஞ்சு போகாமல் இருக்க, குறிச்ச நேரத்தில வாலை மேல தட்டி இறக்குற ஒரு பொறி வைக்கினம். முந்தி அதுக்கு மெல்லக் கனலுற பருத்தித் திரி. திரி எரிஞ்சு ஒரு றப்பர் பாண்டை அறுக்க, வால் நிமிரும், பிளேன் ஆடி ஆடி நேரே கீழ வரும். எங்கட காய்ஞ்ச வயலுக்குள்ள நெருப்பு வேண்டாம். அதுக்குப் பதிலாய் என்ன செய்யலாம் எண்டு ஆருக்கும் யோசனை இருந்தால் எழுதுங்கோ.

பலாலிப் பக்கத்து ஆக்கள் விமான நிலையத்துக்குக் கிட்ட விடவேண்டாம். 2019 இல இருந்து அது சர்வதேச விமான நிலையம். சித்திரை முடிய முன்னம் வயலுக்கு வர விருப்பமான ஆக்கள் ஊரைச் சொல்லுங்கோ. றப்பரும் துறப்பணமும் நான் கொண்டுவாறன்.