கண்டிச் சீமைக்குப் போன பூட்டனாரின் ஊரைத் தேடி

நீலகிரியின் பந்தலூர் வட்டத்தில், டான்டீ என்னும் தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகத்தின் குடியிருப்பில் வளர்ந்தவன் நான். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. என் பூட்டனார் எந்த ஊரிலிருந்து, தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய கங்காணியோடு கடல் கடந்தார் என்பதை வீட்டில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பாட்டிக்கு நினைவிருந்தது “துறையூர்ப் பக்கம்” என்பது மட்டுமே.

முன்னோரைத் தேடுவோர் பெரும்பாலும் பட்டா, சிட்டா, அ-பதிவேடு ஆகியவற்றிலிருந்தே தொடங்குகிறார்கள். அவை நிலம் வைத்திருந்தவரின் வாரிசுகளைக் காட்டும். கையளவு நிலமும் இல்லாமல் பஞ்சம் பிழைக்கப் போனவரைக் காட்டா. அத்தகையவர் எந்த நாட்டுக்காரர் என்ற கேள்வி எழுந்தபோதுதான் அரசாங்கம் அவரைப் பற்றி விரிவாக எழுதி வைத்தது. ஆகவே எங்களைப் போன்றோர் குடியுரிமைத் தாள்களிலிருந்து தொடங்குவதே நல்லது.

எங்கள் தகரப் பெட்டியில் குடும்ப அட்டையும், தாத்தாவின் கடவுச்சீட்டும், 1961-இல் பிறந்த அப்பாவின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழும் இருந்தன. அந்தச் சான்றிதழில், குழந்தையின் பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயரையும் பிறந்த ஆண்டையும் இடத்தையும் எழுத வேண்டிய கட்டத்தில், பதிவாளர் மையால் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார். பூட்டனார் அங்கே பிறக்கவில்லை, அல்லது பிறந்ததாகக் காட்ட ஆவணம் இல்லை என்பதே அதன் பொருள். வம்சாவளியே குடியுரிமையைத் தீர்மானிக்கும் என்று 1948-ஆம் ஆண்டின் சட்டம் வகுத்துவிட்ட நாட்டில், ஒரு குடும்பத்தின் தலையெழுத்து அந்தக் கோட்டில் அடங்கியிருந்ததை எண்ணும்போது இன்றும் மனம் கனக்கிறது.

ஊரைக் காட்டிக் கொடுத்தது வேறொரு தாள். இந்திய வம்சாவளியினர் இலங்கைக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க வழிசெய்த, இலங்கையின் 1949-ஆம் ஆண்டு இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ்த் தாத்தா கொடுத்து, பின்னர் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்தின் நகல் அது. மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் 1946-க்கு முன் தொடர்ந்து இலங்கையில் வசித்ததை நிறுவ வேண்டியிருந்ததால், அதனுடன் இணைத்திருந்த உறுதிமொழியில் தாத்தா தம் தகப்பனாரின் பெயர், கிராமம், தாலுகா எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லியிருந்தார்.

அந்தக் கிராமத்துப் பதிவேடுகளில் பூட்டனாரின் பெயர் எங்குமே இல்லை. குலதெய்வத்தின் பெயரை எங்கள் வீட்டார் மறக்காமல் வைத்திருந்ததுதான் கைகொடுத்தது. அந்தக் கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் தலைக்கட்டு வரியின் பழைய நோட்டைப் பங்காளிகள் எடுத்துக் காட்டினார்கள். அதில் அண்ணன் பெயருக்கு அடுத்த வரியில் பூட்டனாரின் பெயரும், அதற்கு நேராக “கண்டி” என்ற சொல்லும் இருந்தன. வரித் தொகைக்கான இடம் வெறுமையாக இருந்தது. இன்னும் பழைய நோட்டிலிருந்து பின்னாளில் பெயர்த்தெழுதிய பக்கம் அது என்பதால், அவர் புறப்பட்ட ஆண்டை அதைக் கொண்டு கணிக்க நான் முற்படவில்லை. ஆயினும் தாத்தாவின் உறுதிமொழியும் இந்த வரியும், ஒருவரையொருவர் அறியாத இருவர் சொன்ன சாட்சியங்களாகப் பொருந்துகின்றன.

பூர்வீகத்தை நிறுவ முடியாமல் சாதிச் சான்றிதழுக்கு அலைபவர்கள் எங்கள் குடியிருப்புகளில் இன்றும் இருக்கிறார்கள். அக்காள் மகளின் விண்ணப்பத்துடன் இவ்விரு நகல்களையும் இணைத்துக் கொடுத்திருக்கிறோம்.