புதுப்பிப்பு: நண்பருக்குக் கொடுத்த அறிவியல் புனைகதைகளில் எது எடுபட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அசிமோவ், கிளார்க் போன்ற பழைய அறிவியல் புனைகதை எழுத்தாளர்களோடு வாசிப்பு நின்றுபோன நண்பருக்குக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த நாவல்களில் எதைக் கொடுக்கலாம் என்று கேட்டிருந்தேன்.

"முதலில் சின்னதாக ஒன்றைக் கொடுங்க" என்றவரின் யோசனைதான் பலித்தது. மார்த்தா வெல்ஸின் 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' (2017). தன்னைக் கட்டுப்படுத்தும் கருவியை முறியடித்த காவல் இயந்திரம், ஊரை அழிக்கக் கிளம்பாமல் சீரியல் பார்க்க உட்காருகிறது. முதல் பத்தியிலேயே ஆள் விழுந்துவிட்டார்.

அடுத்து, பலரும் சொன்ன ஆண்டி வியரின் 'ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி' (2021). பிடித்தது. கணக்கு வரும் இடங்களைத் தாண்டித்தான் போனார். தாண்டினாலும் கதை புரிகிறது.

எதிர்பாராதது ஏட்ரியன் சாய்க்கோவ்ஸ்கியின் 'சில்ட்ரன் ஆஃப் டைம்' (2015, மறு ஆண்டு ஆர்தர் சி. கிளார்க் விருது). சிலந்தியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற மனிதர் இவர், அதனால் கொடுக்கவே தயங்கினேன். ஆனால் சிலந்திகள் நாகரிகம் வளர்க்கும் அத்தியாயங்களைத்தான் விடாமல் படித்தார். மனிதர்களின் விண்கப்பல் பக்கம் கதை திரும்பினால் கொட்டாவி! கொடுப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: போர்ஷியா, பியாங்கா என்ற பெயர்கள் தலைமுறைதோறும் திரும்ப வரும். ஒரே சிலந்தி அல்ல, பின்னால் வந்தவை. "இது அப்பவே செத்துப்போச்சேப்பா?" என்று ராத்திரியில் போன் வந்தது.

இப்போது வெல்ஸ் தொடரின் அடுத்த பாகம், 'ஆர்ட்டிஃபிஷியல் கண்டிஷன்' (2018), கேட்டிருக்கிறார். வாங்கப் போகிறேன்.